சிறு தோட்டமும் பழைய உழுபொறியும்

உழவின் பெருமையைப் பேசாத கல்லூரி ஆண்டு மலர் நம் நாட்டில் அரிது. உழவரே உலகிற்கு அச்சாணி என மாணவர் எழுதுவர், ஆசிரியர் திருத்துவர், அச்சகத்தார் அடுக்குவர், படிப்போர் தலையசைத்து அடுத்த பக்கத்தைப் புரட்டுவர். ஆயின், அவ்வுழவு எக்கருவியாற் செய்யப்படுகின்றது, அக்கருவி மண்ணை என்ன செய்கின்றது, அதனை ஓட்டுவோன் கையும் தோளும் மாலைப் பொழுதில் எந்நிலையில் இருக்கின்றன என்பனவற்றை வினவுவார் மிகச் சிலரே. யாம் ஈண்டுப் பேசப் புகுவது உழவின் பெருமையன்று. ஒரு சிறு கருவியின் வழக்கேயாம். கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் 'டில்லர்' என வழங்குவதும், இரண்டே சக்கரமுடையதும், உழுவோன் பின்னே நடந்து செலுத்துவதுமான பழைய உழுபொறியே அக்கருவி. அதனைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுதல் தகாது என்பதும், அதனை வைத்துக்கொண்டு இதுகாறும் ஓட்டியவாறே ஓட்டிவருதலும் தகாது என்பதும் எம் கருத்து. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவன போலத் தோன்றும். முரணாமையைக் காட்டுதல் எம் கடன்.

முதற்கண் இடத்தை நோக்குவோம். தேனியினின்றும் தென்மேற்காகச் செல்லும் நெடுஞ்சாலை சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்னும் ஊர்களைக் கடந்து மலையடிவாரத்தை அடைகின்றது. ஒருபுறம் ஏலமலைத் தொடர். மறுபுறம் மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவே முல்லைப் பெரியாறு. 1895-ஆம் ஆண்டில் பென்னிகுயிக் அவர்கள் அணையைக் கட்டி முடித்தது முதல், மேற்கே கடலை நோக்கி ஓடிய நீர் மலையைக் குடைந்த வழியாகக் கிழக்கே இறங்கி வருகின்றது. அந்நீரால் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயலாக உள்ளது. அவ்வயல்களின் உழவைப் பற்றி யாம் ஒன்றும் கூறப் போவதில்லை. சேற்றுழவின் நியாயம் வேறு, தோட்ட உழவின் நியாயம் வேறு. வயலுக்கு மேலேறிய தோட்டக்கால்களே எம் பொருள். அங்கே திராட்சை, வாழை, தென்னை, காய்கறி, வெற்றிலை எனப் பலவும் சிறு சிறு துண்டு நிலங்களில் பயிராகின்றன.

இவற்றுள் திராட்சையின் கதை தனிச்சிறப்புடையது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்திற்குக் கொணர்ந்த கொடியென அதன் வரலாறு கூறப்படுகின்றது. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்து, ஆள் நிமிர்ந்து நிற்குமளவு உயரத்தில் பந்தல் அமைத்து, அதன்மேற் கொடியைப் பரப்புகின்றனர். இவ்வகைத் திராட்சைக்கு வரிசைக்கு வரிசை மூன்று மீட்டர், செடிக்குச் செடி இரண்டு மீட்டர் இடைவெளி விடுதல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பரிந்துரை. இப்பந்தலின் கீழ் நாற்பது குதிரைத் திறனுக்கு மேற்பட்ட பெரிய டிராக்டரை ஓட்டிச் செல்ல எண்ணுவான் ஒன்று தன் தலையை இழப்பான், அன்றேல் கொடியை இழப்பான். வாழைத் தோட்டத்திலும் காய்கறிப் பாத்தியிலும் தலைக்கு இடரில்லை. ஆயினும் திரும்புதற்கு இடமில்லை. இருபது செண்டு நிலத்தில் பெரிய டிராக்டர் திரும்புதற்கே நான்கைந்து செண்டு கழிந்துபோம். தமிழ்நாட்டில் ஒருவரது நிலவுடைமையின் சராசரி அளவு 0.75 எக்டேர் என 2015-16-ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பு கண்டது. அதுவும் ஒரே இடத்தில் ஒரே துண்டாக இருத்தல் அருமை. இத்தகைய நாட்டிற்கு எத்தகைய பொறி வேண்டுமென்பதை அறியப் பெரிய கணிதம் வேண்டுவதில்லை.

சிறு தோட்டத்திற்கென ஒரு பொறி வேண்டுமென்னும் எண்ணம் நமக்கு மட்டும் உதித்ததன்று. அமெரிக்காவின் மேற்கு வர்சீனியாவில் பெஞ்சமின் கிரேவிலி என்றொரு புகைப்படக்காரர் இருந்தார். தம் வீட்டுத் தோட்டத்தைக் கையாற் கொத்திச் சலித்து, பழைய தள்ளு கலப்பையொன்றில் மோட்டார் சைக்கிளின் உறுப்புக்களைப் பொருத்தி ஒரு நடைப்பொறி செய்தார். 1916-ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப்பட்டயமும் பெற்றார். அவர் எடுத்த உறுப்புக்கள் 'இந்தியன்' என்னும் பெயருடைய அமெரிக்க மோட்டார் சைக்கிளின் உறுப்புக்கள் என்பதை நம் மாணவர் அறிந்தால் மகிழ்வர். (அப்பெயருக்கும் நமக்கும் யாதொரு தொடர்பும் இல்லை, மகிழ்ச்சிக்கு அது தடையாகாது.) ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் ஆர்தர் கிளிபோர்டு ஹோவர்டு என்னும் இளைஞர், 1912-ஆம் ஆண்டில், கலப்பை மண்ணைப் புரட்டுவதற்கு மாறாகச் சுழலுங் கத்திகள் மண்ணைச் சீவித் தூளாக்கினால் என்னவென்று தம் தந்தையாரின் பண்ணையில் ஆராய்ந்தார். கத்தியின் முனையை மடித்து 'ட' எழுத்துப்போல் அமைத்தால் அஃது அதிராது வெட்டும் என்று கண்டறிந்தவரும் அவரே. இன்று பெரிய டிராக்டரின் பின்னே சுழலும் ரோட்டவேட்டருக்கும், சிறு டில்லரின் பின்னே சுழலும் கத்திகளுக்கும் அம்மடிந்த முனையே மூதாதை.

சிறு நிலங்கள் மலிந்த யப்பானில் 1950-களில் இந்நடைப்பொறி பல்கிப் பெருகிற்று. அங்கிருந்தே நம் நாட்டிற்கு அது வந்தது. பெங்களூரில் 1967-ஆம் ஆண்டில் வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியின் துணைகொண்டும், கேரளத்தில் 1973-ஆம் ஆண்டில் தோன்றிய காம்கோ நிறுவனம் குபோட்டாவின் துணைகொண்டும் இவற்றைச் செய்யத் தொடங்கின. மலைக்கு அப்பாலும் இப்பாலும் சிறு தோட்டங்களிற் புகுந்தவை பெரும்பாலும் இவ்விரு குடும்பத்தனவே. நாற்பதாண்டு கண்ட பொறிகள் இன்றும் பள்ளத்தாக்கில் ஓடுகின்றன. ஓடாதவை வேப்பமரத்தடியிலே கோழிகளுக்கு அடைக்கலமாய் நிற்கின்றன.

கடந்த பொங்கல் விடுமுறையில் கம்பத்தை அடுத்த ஒரு காய்கறித் தோட்டத்தில், இருபது செண்டு நிலத்தை அத்தகைய முதிய பொறியொன்றால் உழும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. பொறிக்கு உரியவர் அதனினும் முதியவர். கைப்பிடியைச் செருகி, அழுத்தம் நீக்கும் நெம்புகோலை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையாற் சுழற்றிச் சக்கரம் வேகங்கொண்டவுடன் நெம்புகோலை விடுவித்தல் வேண்டும். அப்போது ஒற்றை உருளை எஞ்சின் இருமுறை இருமிக் கரும்புகை கக்கிப் பின் ஒரே தாளத்தில் முழங்கத் தொடங்கும். எஞ்சினிலிருந்து பட்டைகள் வழியே ஆற்றல் பெட்டிக்குச் செல்கின்றது. பெட்டியிலிருந்து சக்கரத்திற்கும் கத்திக்கும் பிரிகின்றது. ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. எங்கே என்ன நிகழ்கின்றது என்பதைக் கண்ணாலே காணலாம், காதாலே கேட்கலாம். பள்ளியைக் கண்டிராத ஓர் உழவர் அதனைக் கழற்றி மீண்டும் பூட்டுதல் இதனாலேதான் இயல்வதாயிற்று.

நிலம் சிறிது சரிந்திருந்தது. எம் கையிற் பொறியைக் கொடுக்குமுன் அப்பெரியவர் எச்சரித்தார்: "தம்பி, ஏத்தத்துல இடத்துப் பிடிய அமுக்குனா இடத்தே திரும்பும். இறக்கத்துல அதையே அமுக்குனா வலத்தே போயிரும். இவனுக்கு மேட்டுல ஒரு புத்தி, பள்ளத்துல ஒரு புத்தி."

"அது ஏங்கய்யா?" என்று வினவினோம்.

"ஓட்டிப் பாருங்க, தெரியும்" என்றார்.

ஓட்டினோம், தெரிந்தது. பிடியை அமுக்கும்போது அப்பக்கத்துச் சக்கரம் எஞ்சினின் பிடியினின்றும் விடுபடுகின்றது. மேட்டிலும் சமநிலத்திலும் விடுபட்ட சக்கரம் பின்தங்கும். ஆதலின் பொறி அப்பக்கமே திரும்பும். இறக்கத்திலோ விடுபட்ட சக்கரம் தன் எடையால் முந்தி உருளும். ஆதலின் பொறி எதிர்ப்பக்கம் திரும்பும். இயற்பியல் வகுப்பில் இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் ஒரு மணி நேரம் ஆகும். சரிவில் நானூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு கையை இழுக்கும்போது ஒரு நொடியில் விளங்கும்.

நடைக்கணக்கு ஒன்றையும் கூறுதல் வேண்டும். பொறியின் உழவகலம் ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டர். ஓர் ஏக்கரை ஒருமுறை உழ ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைய நடத்தல் வேண்டும். நாட்டுக் கலப்பையின் சால் பதினைந்து சென்டிமீட்டராயின் அதே ஏக்கருக்கு இருபத்தேழு கிலோமீட்டர். எம் இருபது செண்டிற்கோ ஒன்றே கால் கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. இதனைக் கேட்டு, 'இஃதோர் உலாவல்தானே' என்று நகைப்பவர், அவ்வுலாவல் முழுதும் ஓர் எஞ்சினின் அதிர்ச்சியை இரு கையாலும் ஏந்திச் செல்வதையும் நினைத்தல் நன்று. அன்றிரவு எம் விரல்கள் மரத்திருந்தன. ஆண்டு முழுதும் நாள்தோறும் இதனை ஓட்டுவோர்க்கு விரல்களில் இரத்த ஓட்டம் குன்றி வெளுத்துப்போகும் நோய் உண்டென மருத்துவ நூல்கள் கூறுகின்றன. சிறு பொறியைப் புகழ்வோர் இதனை மறைத்தல் நேர்மையன்று.

தோட்டத்தின் தென்கோடியில் கோரை மண்டியிருந்தது. அவ்விடம் நெருங்கியதும் பெரியவர் கையசைத்து நிறுத்தினார். "அங்க கத்திய இறக்காதீங்க தம்பி. ஒண்ணு நூறாயிரும்" என்றார். கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று கொடியாற் பிணைந்திருப்பன. பிணைப்பு அறாதிருக்கையில் நுனிக் கிழங்கு மட்டும் முளைக்கும், ஏனையவை உறங்கும். சுழற்கத்தி அப்பிணைப்பைத் துண்டாடுமாயின் உறங்கிய கிழங்கெல்லாம் விழித்துக்கொள்ளும். அருகம்புல்லும் அத்தகையதே. உழுத மறுவாரம் நிலம் பஞ்சுபோல் இருக்கும். மறுமாதம் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கும். பின்னர்க் களைக்கொல்லி தெளிப்பர். களையை ஒழிக்க வந்த பொறியே களையை வளர்த்து, நஞ்சிற்கு வாயில் திறக்கின்றது.

இவ்விடத்தே இலங்கையில் வாழ்ந்த ஓர் அறிஞரை நினைவுகூர்தல் பொருத்தமாம். ரே விஜேவர்தன (1924–2010) என்னும் பொறியாளர் கேம்பிரிட்ஜில் பயின்றவர். வெப்ப நாட்டுச் சிற்றுழவர்க்கென 1950-களில் இரு சக்கர உழுபொறியொன்றை அவர் வகுத்தார். இங்கிலாந்தில் செய்யப்பட்டு, 'லாண்ட்மாஸ்டர்' என்னும் பெயரால் அது பல நாடுகளுக்கும் சென்றது. இலங்கைத் தமிழுழவர் நாவில் இன்றும் இரு சக்கர உழுபொறி எதுவாயினும் 'லாண்ட்மாஸ்டர்'தான். அத்துணைப் பெயர் பெற்றது. தம் படைப்பு அவ்வளவு வெற்றி பெற்ற பின்னர், யாம் வேளாண்மையை இயந்திரமாக்கினோமா, அன்றி எருமையை மட்டும் இயந்திரமாக்கினோமா என்று அவரே வெளிப்படையாக வினவத் தொடங்கினார். எருமை சாணம் தரும், பால் தரும், கன்றும் ஈனும். பொறியோ தேய்மானத்தைத் தரும். அஃதொருபுறம் இருக்க, உழவின் நோக்கமே யாது என்பது அவருடைய ஆழ்ந்த வினா. குளிர் நாட்டில் பனிக்காலங் கழிந்தபின் மண்ணைப் புரட்டி வெயிலுக்குக் காட்டிச் சூடேற்றுவது தேவை. நம் போன்ற வெயில் நாட்டில் சூட்டிற்குக் குறைவில்லை. இங்கே மண்ணைத் திறந்துபோட்டால் வெயில் அதன் உயிர்ச்சத்தை எரிக்கும்; அடுத்து வரும் பெருமழை எஞ்சியதை அரித்துச் செல்லும். இங்கு உழவால் விளையும் பயன் பெரும்பாலும் களை நீக்கமே. அதனை வேறு வழியாற் செய்யக்கூடுமாயின் மண்ணைப் புரட்ட வேண்டுவதில்லை என்பது அவர் முடிபு. 1970-களில் நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிலையத்தில் உழாது விதைக்கும் முறையை அவர் ஆராய்ந்தார். பின் தாய்நாட்டில் கிளைரிசிடியா வேலிகளின் தழையால் நிலத்தை மூடிப் பயிர் செய்யுமாறு வற்புறுத்தி வந்தார்.

தாம் ஈன்ற பிள்ளையின் குற்றத்தைத் தாமே ஊரறியக் கூறும் தந்தையர் சிலரே. பொறியாளருள் அன்னோர் இன்னுஞ் சிலர். அமெரிக்காவில் எட்வர்டு பாக்னர் 1943-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதிக் கலப்பையின்மேல் வழக்குத் தொடுத்தார் என்பது உண்மை. ஆயினும் அவர் கலப்பையைப் படைத்தவரல்லர். விஜேவர்தன படைத்தவர். எனவே அவர் சொல்லின் எடை வேறு.

நம் முன்னோர் இதனை அறியாதவரோ? வள்ளுவனார் உழவதிகாரத்தில், ஒரு பலப் புழுதி கால் பலமாகும்வரை காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்கின்றார். அவர் கூறுவது கோடையில் கட்டிகளாகப் புரட்டிப் பொறுமையுடன் காயவிட்ட புழுதி. ஒரு மணி நேரத்தில் கத்தியால் மாவாக்கிய தூளன்று. மேலும், அடுத்த குறளிலேயே உழுதலினும் எருவிடுதல் நன்றென்றும், களை நீக்கிய பின்னர் நீர் பாய்ச்சுதலினும் காத்தல் நன்றென்றும் வரிசைப்படுத்தி விடுகின்றார். நாமோ அதிகாரத்தின் தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டோம். 'அகல உழுவதினும் ஆழ உழு' என்னும் பழமொழியும் நம்மிடம் உண்டு. சுழற்கத்தி அதற்கு நேர் மாறானது. மேலே நாலைந்து அங்குலத்தை வெண்ணெய்போல் ஆக்கிவிட்டுக் கீழே கைவையாது செல்வது. ஈரமான களிமண்ணிலோ கத்தியின் முதுகு அடிமண்ணைத் தேய்த்து மெழுகிவிடும். ஆண்டுதோறும் அதே ஆழத்தில் மெழுகினால் ஓர் ஓடு படிந்து, வேரும் நீரும் கீழிறங்க மாட்டா. இக்குற்றம் சிறு டில்லருக்கும் பெரிய ரோட்டவேட்டருக்கும் பொது. ஆனால் பெரியதற்கு மற்றுமொரு குற்றம் உண்டு: இரண்டு டன்னுக்குக் குறையாத தன் எடையால் கத்தி எட்டாத ஆழத்திலும் மண்ணை அமுக்கிவிட்டுப் போகின்றது.

ஈண்டு ஒருவர் எழுந்து, 'அங்ஙனமாயின் பொறியை இரும்புக்கடைக்கு அனுப்புவது தானே முறை? இரங்குவானேன்?' என வினவலாம். யாம் இரங்கவில்லை. கத்தி வேறு, பொறி வேறு என்பதே எம் விடை. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் கத்திப்பெட்டி தனியே வந்துவிடும். அதன்பின் எஞ்சியிருப்பது, மணிக்கு ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் டீசலில், பந்தலுக்கடியில் நுழைந்து செல்லும் ஓர் எளிய ஆற்றல். அதில் கொக்கிக் கலப்பையைப் பூட்டி, நடவு வரிசையை மட்டும் கீறலாம். இடைநிலம் மூடியபடியே கிடக்கட்டும். பார் அணைக்கலாம். பட்டையை மாற்றி நீரிறைக்கலாம். சிறு வண்டியை இணைத்துத் தொழுவுரம் கொணரலாம். வைக்கோலும் வாழைச் சருகும் கொணர்ந்து வரிசையிடையே பரப்பலாம். (திராட்சைக் கவாத்துக் கழிவை அங்ஙனம் பரப்புதல் ஆகாது, நோய் தொற்றும்.) தொழுவுரம் என்றவிடத்து ஒன்று தோன்றுகின்றது. நம் பள்ளத்தாக்கின் மலைமாட்டுச் சாணம் வண்டி வண்டியாக ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றது. நம் தோட்டங்களில் நாம் புழுதியை அடித்துக்கொண்டிருக்கின்றோம். விற்பவரைக் குறை கூறுதற்கில்லை. அவர்க்கு அது பிழைப்பு. வாங்கும் மதி நமக்கு ஏனில்லை என்பதே வினா.

கத்தியை அடியோடு விலக்கவும் யாம் கூறவில்லை. சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி மண்ணொடு கலப்பதற்கு அதனினும் வாய்ப்பான கருவி இல்லை. ஆண்டிற்கு ஒருமுறை, மேலோட்டமாக, ஏற்ற ஈரத்தில் ஓட்டுதல் அமையும். ஈரம் ஏற்றதா என்பதற்கு அளவுகோல் உழவன் கையிலேயே உளது: ஒரு பிடி மண்ணை அமுக்கிப் பெருவிரலால் தட்டுக, உதிர்ந்தால் உழுக, பளபளத்து நாடாவாக நீண்டால் வீட்டிற்குச் செல்க. வாடகைக்கு வரும் பெரிய டிராக்டருக்கு இக்காத்திருப்பு இயலாது. ஊரெல்லாம் உழுதுவிட்டு நம் முறை வரும் நாளில் அது வரும். மண் ஈரமோ, உலரோ, உழுதே தீர வேண்டும். சொந்தப் பொறி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, 'நாளை பார்ப்போம்' என்னும் உரிமையை உழவனுக்கு அளிக்கின்றது. சிறு பொறியின் பெருஞ்செல்வம் அதன் குதிரைத் திறனன்று. அவ்வுரிமையே என்று யாம் துணிந்து கூறுவோம்.

காளையன்பர் வேறு வகையால் மறுப்பர். நம் அயலிடமாகிய தே. கல்லுப்பட்டியில் தம் இறுதி நாட்களைக் கழித்த ஜே.சி. குமரப்பா, கிராமப் பொருளாதாரம் மாட்டைச் சுற்றியே சுழல வேண்டுமென்று வாழ்நாள் முழுதும் வற்புறுத்தினார். அவர் கொள்கையை யாம் வணங்குகின்றோம். ஆயினும் இருபது செண்டு உடையவன் ஆண்டில் சில நாளை உழவுக்காக இரு காளைகளை முந்நூற்றறுபத்தைந்து நாளும் தீனியிட்டுக் காத்தல் இன்று இயலுமா? முன்னே ஊரில் ஏருடையார் பலர் இருந்தனர். இரவலும் கூலியும் மாறுமாறாக நடந்தன. அவ்வமைப்பே சிதைந்த பின்னர்க் காளையை மட்டும் மீட்டல் அரிது. இயன்றவன் வளர்க்கட்டும், அவனுடைய சாணத்தை நம் பழைய டில்லர் சுமக்கும்.

புதுமையன்பர் கூற்றில் வலுவுண்டு. அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் புதிய டில்லர்களையும் களையெடுக்கும் சிறு பொறிகளையும் வழங்குகின்றது. புதியவை இலேசானவை, கைப்பிடி அதிர்ச்சியும் பொதுவாகக் குறைவு. பின்னோக்கிச் செல்லும்போது கத்தி தானே நின்றுவிடும் அமைப்பும் சிலவற்றில் உண்டு. பழையதில் அஃதின்மையால், பின்னோக்கும் முன் கத்தியை நிறுத்த மறந்தவன் தன் காலையே இழக்கக்கூடும். இதனை எண்ணித் துணிவின்றி இருப்போர் புதியதையே வாங்குக. ஆனால் பழையதைத் தந்துவிட்டுப் புதியது வாங்கும் உழவர், அப்பொறியுடன் அதனைப் பழுதுபார்க்கும் அறிவையும் சேர்த்தே தந்துவிடுகின்றனர். கம்பத்திலும் தேனியிலும் கடைசல் வைத்துக்கொண்டு, தேய்ந்த அச்சையும் உடைந்த பல்லையும் செய்துதரும் கைவினைஞர் உள்ளனர். அவர்தம் பட்டறையில் இன்று பயிலும் இளைஞர் எத்துணைவர் என்று எண்ணிப் பார்க்கவும். பொறி பழையதாவதால் வரும் கேடு சிறிது. அதனை அறிந்தவர் இல்லாது போவதால் வரும் கேடே பெரிது.

பழமையன்பர் என மற்றுமொரு கூட்டத்தார் உளர். மேல்நாடுகளில் பழைய தோட்ட உழுபொறிகளைத் தேடிப்பிடித்து, வண்ணம் தீட்டி, மெருகேற்றிக் கண்காட்சியில் நிறுத்தி மகிழும் சங்கங்கள் பலவுண்டு. தீதன்று. எனினும் நம் பள்ளத்தாக்கில் எண்ணெய்க் கறையோடு உழைக்கும் பொறிக்கு மெருகு வேண்டுவதில்லை. கண்ணாடிப் பேழையும் வேண்டா.

நம் கல்லூரிக்கு யாம் வேண்டுவது ஒன்றே. இரும்புக்கடைக்குச் செல்லவிருக்கும் பொறியொன்றை வாங்கி, கல்லூரித் தோட்டத்தில் ஓடும் நிலையில் வைத்தல் வேண்டும். இயற்பியல் மாணவர் அதனைக் கழற்றிப் பூட்டட்டும். தாவரவியல் மாணவர் மண்ணை நோக்கட்டும். பொருளாதார மாணவர் டீசல் கணக்கு எழுதட்டும். மதிப்பெண் வேண்டா, மதிப்பெண் புகுந்தால் இதுவும் நெட்டுருவாகிவிடும். நிலத்தைச் சமமாக இரு கூறாக்கி, ஒரு கூற்றில் வழக்கம்போல் ஒவ்வொரு பருவத்திலும் கத்தி ஓட்டுக. மற்றொரு கூற்றில் நடவு வரிசையை மட்டும் கொக்கியாற் கீறி, இடைநிலத்தைச் சருகால் மூடுக. இரண்டிலும் ஒரே பயிர், ஒரே நீர், ஒரே எரு. பருவந்தோறும் ஓரடி ஆழக் குழியெடுத்து மண்புழுவை எண்ணுக. நீர் பாய்ச்சி எத்துணை நேரத்தில் உறிஞ்சுகின்றதெனக் குறிக்க. களை எடுத்த ஆள்நாட்களை எழுதுக. வேண்டும் அறிவுரைக்குப் பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆனைமலையன்பட்டித் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் தொலைவில் இல்லை. ஐந்தாண்டுக் கணக்கை இம்மலரிலேயே வெளியிட்டால், எம் கருத்து பிழையாயினும் பள்ளத்தாக்கின் உழவர்க்கு ஒரு கையேடு கிடைக்கும். வகுப்பை விட்டுச் சென்ற பழைய மாணவருள் தோட்டமுடையார் தத்தம் நிலத்திலும் ஒரு துண்டை இங்ஙனம் ஒதுக்கிக் கணக்கை அனுப்பிவைப்பாராயின் பயன் பன்மடங்காம்.

விடுதிக்குப் பின்புறமுள்ள நிலமே இதற்கு ஏற்றது, கிணறும் அண்மையிலுண்டு. ஆனால் அங்கே கோரை மிகுதி. ஆதலின் முதலாண்டில் பொறியை அதனுள் இறக்காது, விடுதி மாணவர் பாரையும் மண்வெட்டியும் கொண்டு கிழங்கைத் தோண்டி எடுத்து, வெயிலில் உலர்த்தி, அதன் பின்னரே இரு கூறாக அளந்து கயிறு பிடித்தல் வேண்டும்.